அஞ்சலை ஆகிய நான்

நகராட்சிப் பணிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது ஒரு மருத்துவக் குறிப்பு. தலைவர் பதவிக்கான மறைமுகத் தேர்தல் அறிவிப்பு வந்ததும் நம் துறை ஆணையர்களுக்கு நெஞ்சுவலி வரும். சிலருக்கு முதுகுவலி வரும். கல்யாணமே ஆகாத ஒருவர், மாமியார் தவறிவிட்டார் என்று விடுப்புக் கேட்டதைக்கூட நான் பார்த்திருக்கிறேன். தேர்தல் முடிந்த மறுநாள் எல்லோரும் குணமாகி வந்து ஜீப்பில் ஏறிக்கொள்வார்கள்.

மறைமுகத் தேர்தல் என்றால் என்ன என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். நானும் சொல்கிறேன். மக்கள் வார்டு வாரியாக ஓட்டுப் போட்டுக் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தக் கவுன்சிலர்கள் ஒரு மண்டபத்தில் கூடி, தங்களுக்குள் ஒருவரை நகர்மன்றத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். முதல் தேர்தலில் வாக்காளரை வீடு வீடாகத் தேடிப் போய்க் கும்பிடுவார்கள். இரண்டாவது தேர்தலில் வாக்காளரை வேறு யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாத இடத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். ஜனநாயகம் இரண்டிலும் உண்டு.

நான் விழுப்புரத்தில் எழுத்தராகச் சேர்ந்து, திண்டிவனத்தில் ஆணையராக ஓய்வு பெற்றவள். நடுவில் எத்தனையோ தேர்தல்களைப் பார்த்துவிட்டேன். தேர்தலே நடக்காமல் தனி அலுவலர் ஆட்சி நடந்த ஆண்டுகளையும் பார்த்தேன். அப்போதும் சாக்கடை அடைத்தது, கவுன்சிலர்கள் வந்த பிறகும் அடைத்தது. ஆனால் கவுன்சிலர்கள் இருந்தால் திட்டுவதற்கு நமக்கு ஒரு துணை கிடைக்கும், அது பெரிய ஆறுதல். இப்போது நான் சொல்லப்போவது இந்தப் பக்கத்தில் வேறொரு சிறிய நகராட்சியில் நடந்தது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். இதை விழுப்புரத்தில் சொன்னால், "திண்டிவனத்துல நடந்துருக்கும்" என்கிறார்கள். திண்டிவனத்தில் சொன்னால் விழுப்புரத்தைக் கை காட்டுகிறார்கள். இரண்டும் இல்லை, நிம்மதியாகக் கேளுங்கள்.

அந்த ஊர் ஆணையருக்கு முறைப்படி நெஞ்சுவலி வந்ததால், தேர்தலை நடத்தப் பொறுப்பு அலுவலராக என்னை அனுப்பினார்கள். காலையில் போய் இறங்கினால் அலுவலக வாசலில் போலீஸ், வேன், பட்டாசுக் கட்டு எல்லாம் தயார். பட்டாசு இரண்டு தரப்பிலும் வாங்கி வைத்திருந்தார்கள். தோற்கப்போகிறவர்கள் பட்டாசு வாங்குவதில்லை என்று ஒரு விதி இருந்தால் நாம் வாக்கு எண்ண வேண்டிய அவசியமே இருக்காது.

தலைவர் நாற்காலிக்கு இரண்டு பேர் போட்டி. இரண்டு பேரும் கவுன்சிலர்கள்தான். ஒருவர் அரிசி மில் வைத்திருந்தார், இன்னொருவர் கல்யாண மண்டபம் வைத்திருந்தார். கட்சிப் பெயர் உங்களுக்கு வேண்டாம். அவர்களுக்கே அது அவ்வப்போது மாறும். மில்காரர் பக்கம் பாதிப் பேர், மண்டபக்காரர் பக்கம் பாதிப் பேர், சரிசமம். இரண்டு பக்கமும் சேராத ஒரே ஒரு சுயேச்சை, அஞ்சலை. அவர் ஓட்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தலைவர். அவர் ஓட்டே இல்லை என்றால் குலுக்கல்.

அஞ்சலையை ஊரில் யாருக்கும் தெரியாது. அவர் கணவர் தணிகாசலத்தைத் தெரியாதவர் கிடையாது. முன்பு அந்த வார்டில் ஜெயித்தவர் அவர்தான். இந்த முறை வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும், மனைவி பெயரில் மனுப் போட்டார். போஸ்டரில் அவர் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றார். அஞ்சலை ஒரு மூலையில் தபால்தலை அளவில் இருந்தார். ஜெயித்ததும் ஊர் முழுக்க, "நம்ம கவுன்சிலரு திரும்ப வந்துட்டாரு" என்றுதான் பேச்சு. டீக்கடை, தாலுக்கா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், எங்கும் அவர்தான் கவுன்சிலர். மனுப் போட்ட நாளோடு அஞ்சலையின் வேலை முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அஞ்சலை மட்டும் அப்படி நினைக்கவில்லை. அவர் பின்னால் என்னிடம் சொன்னதை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர்கள் வார்டை ஒட்டித்தான் அந்த அரிசி மில். உமிச் சாம்பல் பறந்து வந்து காயப்போட்ட துணி, குடிதண்ணீர்க் குடம், குழந்தைகளின் கண் என்று எல்லாவற்றிலும் விழும். ஓட்டுக் கேட்டுப் போனபோது பெண்கள் எல்லோரும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள், அந்தச் சாம்பலை நிறுத்து. நிறுத்துகிறேன் என்று அஞ்சலை அவர்கள் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறார். தணிகாசலமோ, துணைத் தலைவர் பதவியும் ஒரு காரும் தருவதாகச் சொன்ன அதே மில்காரரிடம் மனைவியின் ஓட்டைக் கொடுத்துவிட்டார். மில்காரர் தலைவரானால் மில்லுக்கு நோட்டீஸ் அனுப்பப்போவது யார்? தன் வார்டுக்குக் கொடுத்த வாக்கைத் தன் ஓட்டாலேயே கொல்ல வேண்டிய நிலை அஞ்சலைக்கு. பாவம், அதை வாய்விட்டுச் சொல்லக்கூட ஆள் இல்லை.

பதவியேற்பு முடிந்ததும் வழக்கம்போல மில்காரர் தன் பக்கத்து ஆட்களை வேனில் ஏற்றிக் கடற்கரை விடுதிக்குக் கொண்டுபோனார். பயம், மண்டபக்காரர் யாரையாவது இழுத்துவிடுவாரோ என்று. அங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. வார்டுகளில் பாதி பெண்கள் வார்டு. அந்த வார்டுகளுக்கெல்லாம் மில்காரர் கூட்டிக்கொண்டு போனது யாரை? கணவர்களை! ஓட்டு இல்லாத ஆண்களுக்குக் கறிச்சோறு போட்டு, வெளியே போகவிடாமல் கதவுக்குக் காவல் வைத்து, செல்போனைப் பிடுங்கி, கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். ஓட்டு உள்ள பெண்கள் வீட்டில் துணி துவைத்துக்கொண்டும், ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டும், ஒருவரோடொருவர் பேசிக்கொண்டும் இருந்தார்கள். மண்டபக்காரரும் இதே புத்திசாலித்தனத்தை வேறொரு விடுதியில் செய்துகொண்டிருந்தார்.

சரி, தேர்தல் காலைக்கு வருவோம். நான் மன்றக் கூடத்துக்குள் நுழைந்து நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. மண்டபக்காரர் எழுந்தார். திருவக்கரை காளி கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார், நெற்றி முழுக்கக் குங்குமம்.

"மேடம், அந்தச் சுயேச்சை ஓட்டுப் போடக் கூடாது. அவங்க பதவியே ஏத்துக்கல."

"எல்லாரும்தான் ஏத்துக்கிட்டாங்களே?"

"நீங்களே பாருங்க மேடம்" என்று போனை நீட்டினார்.

பதவியேற்பு வீடியோ. நெஞ்சுவலிக்கு முன்பு அந்த ஆணையர் நடத்தியது. "அஞ்சலை" என்று பெயர் வாசிக்கிறார்கள். முன்வரிசையில் இருந்து மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, முறுக்கிய மீசையோடு தணிகாசலம் எழுந்து வருகிறார். மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமிவிட்டு, கணீர் என்று, "அஞ்சலை ஆகிய நான், கடவுள் அறிய..." என்று ஆரம்பித்து, ஒரு வார்த்தை பிசகாமல் உறுதிமொழியை முடிக்கிறார். கூடம் கை தட்டுகிறது. ஆணையர் எழுந்து பொன்னாடை போர்த்துகிறார். முன்வரிசையில் அஞ்சலை, கணவரின் துண்டையும் செல்போனையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இத்தனை பேர் நேரில் பார்த்திருக்கிறார்கள், ஒருவருக்கும் தப்பாகத் தெரியவில்லை. பத்திரிகைக்காரர்களும் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கடவுள் அறிய என்றுதானே சொன்னார், கடவுள் ஒருவருக்காவது தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மண்டபக்காரர் பக்கத்தில் விடுதிக் காவலுக்கு இருந்த யாரோ, முந்தின நாள் சும்மா படுத்துக்கொண்டு போனில் வீடியோ பார்த்தபோதுதான் மீசை கண்ணில் பட்டிருக்கிறது.

கூடம் இரண்டாகப் பிளந்தது. மண்டபக்காரர் பக்கம், "ஓட்டு இல்ல, குலுக்கல் போடு!" என்றார்கள். மில்காரர் பக்கம், "பதவியேற்பு செல்லும்!" என்றார்கள். மில்காரர் என் மேசைக்கு வந்து சட்டம் பேசினார்.

"இன்னா மேடம் இது, புருசன் பொண்டாட்டின்னா ரெண்டும் ஒண்ணுதான? அவரு வாயால சொன்னா அந்தம்மா சொன்ன மாதிரிதான?"

"அப்போ அவர் சாப்பிட்டா அந்தம்மாவுக்குப் பசி அடங்கிடுமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் வேற மேடம்."

அதற்குள் என் போன் அடித்தது. மேலே இருந்து. "விதிப்படி செய்யுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். நம் துறை மொழியில் அதற்கு, எங்கள் ஆள் ஜெயிக்க வேண்டும் என்று பொருள். வைத்த கையோடு இன்னொரு போன், இன்னொரு மேலே. அவர்களும் "விதிப்படி செய்யுங்கம்மா" என்றார்கள். இரண்டு பக்கமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னதால் எனக்கு வேறு வழி இல்லை, விதிப்படி செய்வது என்று முடிவு செய்தேன்.

ஆனால் முடிவை உடனே சொல்லவில்லை. நான் எழுத்தராக இருந்தபோது ஒரு மேலாளர் இருந்தார். கோப்பு எழுதுவதில் அவர் சுமார்தான், கூட்டம் நடத்துவதில் புலி. "கூச்சல்ல முடிவு சொல்லாதம்மா. கத்துறவனுக்கு அது காதுல ஏறாது. வெளில போயி அவனா ஒண்ணு சொல்லி, அதுதான் உன் முடிவும்பான். மொதல்ல டீ சொல்லு. வாயில டம்ளர் இருக்கறப்ப எவன் கத்துவான்?" என்பார். டீ சொன்னேன். நன்றாகக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவரச் சொன்னேன். கூடம் ஊதிக் குடித்து அடங்கியது.

அந்த அமைதியில் மைக்கை எடுத்தேன். "அஞ்சலை அவர்கள் இன்னும் உறுதிமொழி எடுக்கவில்லை. இப்போது என் முன்னால் எடுக்கலாம். எடுத்துவிட்டு ஓட்டுப் போடலாம்" என்றேன். மண்டபக்காரர் முகம் சுருங்கியது. மில்காரர் பக்கம் ஒரே சந்தோஷம். "அவ்ளோதான மேடம்! ஜல்தியா எடுக்கச் சொல்லுங்க, நல்ல நேரம் போய்க்கினு கீது" என்றார் மில்காரர்.

உடனே எழுந்து மைக்கை நோக்கி வந்தார் ஒருவர். தணிகாசலம்! வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, அடக்கடவுளே, மறுபடியும்!

"நீங்க இல்லீங்க ஐயா. உங்க சம்சாரம்."

"அவளுக்கு மைக்கப் பார்த்தாலே கை நடுங்கும் மேடம். நான் சொல்லிட்றேன்."

"நீங்க இந்தக் கூடத்துலயே இருக்கக் கூடாது. வெளியே போங்க."

இதைச் சொன்னதும் கூடத்தில் எழுந்த ஓலம் இருக்கிறதே! இரண்டு தரப்பும் அன்று ஒன்றுசேர்ந்தது அந்த ஒரு நிமிடம்தான். "கவுன்சிலர வெளில அனுப்பறதா?" என்று மண்டபக்காரரின் ஆளே கொதித்தார். பந்தோபஸ்துக்கு நின்ற இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு இவரை வெளியே கூட்டிப்போங்கள் என்றேன். அவர் குனிந்து என் காதில், "மேடம், அவரு கவுன்சிலரு" என்றார். நான் மைக்கிலேயே சொன்னேன்: "மன்ற உறுப்பினர் அல்லாதவர்கள் அனைவரும் கூடத்தை விட்டு வெளியேற வேண்டும். இது தேர்தல் விதி."

அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கூடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பேர் எழுந்தார்கள். அத்தனை பேரும் பெண் கவுன்சிலர்களின் வீட்டுக்காரர்கள்! முன்வரிசை, நடுவரிசை, ஜன்னலோரம் என்று நல்ல நாற்காலிகளில் எல்லாம் அவர்கள்தான் இருந்திருக்கிறார்கள். உண்மையான உறுப்பினர்களான அவர்கள் மனைவிமார் பின்சுவரை ஒட்டிப் பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டரே வாயைப் பிளந்துவிட்டார்.

தணிகாசலம் மட்டும் நகரவில்லை. "நான் வெளில போனா எம் பொண்டாட்டியும் வெளில வருவா. அஞ்சல, எழுந்திரு, போலாம் வா" என்றார்.

அஞ்சலை எழுந்தார். அவர் போய்விட்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது. ஓட்டுப் போடும்படி யாரையும் கையைப் பிடித்து உட்கார வைக்க எனக்கு அதிகாரம் இல்லை. அவர் ஓட்டும் போகும், அவர் வார்டுக்குக் கொடுத்த வாக்கும் குலுக்கல் டப்பாவுக்குள் போகும்.

காப்பாற்றியது யார் தெரியுமா? மில்காரர்! ஓடி வந்து தணிகாசலத்தின் தோளைப் பிடித்தார். "யோவ், இன்னாய்யா பண்ற? அந்தம்மா வந்துட்டா என் ஓட்டு போச்சுய்யா! நீ வெளில நில்லு, அவங்க போட்டுட்டு வரட்டும்" என்று கெஞ்சினார், தள்ளினார், கடைசியில் தானே கதவு வரை கூட்டிக்கொண்டு போய் வெளியே விட்டு, கதவையும் சாத்திவிட்டு வந்தார். சட்டம், போலீஸ், நான், எல்லோரும் சேர்ந்தும் முடியாத வேலையை அந்த மனிதரின் பேராசை ஒரு நொடியில் முடித்துக் கொடுத்தது. உங்கள் பணிக்காலத்தில் நேர்மையானவர்கள் உதவிக்கு வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். வருகிறவர்களை வைத்து வேலையை முடியுங்கள்.

அஞ்சலை மைக் முன்னால் வந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "மேடம், நானேதான படிக்கணும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமாம்மா, நீங்கதான்."

"கடவுள் அறியன்னு சொல்லணுமா?"

"உளமாரன்னும் சொல்லலாம். உங்க இஷ்டம்."

"அதையே சொல்றேன்" என்றார். "அஞ்சலை ஆகிய நான்" என்று ஆரம்பித்து, நின்றுவிட்டார். மறந்துவிட்டாரோ என்று நான் அட்டையைக் காட்டப் போனேன். மறக்கவில்லை. கூடத்தைப் பார்த்தார், பின்பெஞ்சில் இருந்த பெண்களைப் பார்த்தார், மறுபடியும் முதலில் இருந்து, "அஞ்சலை ஆகிய நான், உளமார" என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். அரசியலமைப்பு, இறையாண்மை என்ற இடங்களில் தடுக்கியது. எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தார். யாரும் கை தட்டவில்லை, பொன்னாடையும் இல்லை. உறுதிமொழித் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினேன்.

அஞ்சலை திரும்பிப் பின்பெஞ்சுக்குப் போகவில்லை. முன்வரிசையில் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதைப் பார்த்து இன்னொரு பெண்மணி எழுந்து முன்னால் வந்தார், பிறகு இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் பின்பெஞ்ச் காலி.

வாக்குப் பதிவு நடந்தது. ஒவ்வொருவராக மறைவுக்குப் போய்ச் சீட்டில் குத்தி, மடித்துப் பெட்டியில் போட்டார்கள். எண்ணினோம். மண்டபக்காரர் ஜெயித்தார். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், ஒரு ஓட்டில் ஜெயிக்கவில்லை, நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். அஞ்சலையின் ஒரு ஓட்டை எந்தப் பக்கம் போட்டாலும் அந்தக் கணக்கு வராது. மில்காரர் மறுபடி எண்ணச் சொன்னார், எண்ணினோம். பெட்டியைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். "எங்க ஆளுங்க எல்லாரையும் நாந்தான மேடம் கூடவே வச்சிருந்தேன்!" என்று புலம்பினார். யாரை வைத்திருந்தார் என்று நான் சொல்லவில்லை. அது என் வேலை இல்லை.

மண்டபக்காரர் ஒன்றும் புனிதர் இல்லை. அவர் மண்டபத்து எச்சில் இலை கொட்டுகிற இடத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். யார் ஜெயிக்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, நீங்களும் நினைக்காதீர்கள். யார் அறைக்குள் இருக்க வேண்டும், யார் வெளியே நிற்க வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மீதியை உள்ளே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கழுத்தில் மாலை விழுந்ததும் மண்டபக்காரர் வாசலுக்கு வந்து நன்றி சொன்னார். பழக்க தோஷம் யாரை விட்டது? "எனக்கு ஆதரவு தந்த அண்ணன் கவுன்சிலர் தணிகாசலம் அவர்களுக்கு" என்று முதல் நன்றியைச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், மில்காரர் தணிகாசலத்தின் சட்டையைப் பிடித்துவிட்டார். "ரெண்டு பக்கமும் வேல பண்ணிக்கினு இருந்தியாடா?" என்று அவர் கத்த, "நான் ஓட்டே போடலீங்க!" என்று இவர் கதற, அந்தப் பதவிக்காலத்தில் தணிகாசலம் சொன்ன முதல் உண்மையை நம்புவதற்கு அங்கே ஆள் இல்லை. இன்ஸ்பெக்டர்தான் பிரித்துவிட்டார்.

மற்ற வீட்டுக்காரர்களும் தங்கள் தங்கள் மனைவியை ஓரமாகக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாப் பெண்களும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "நீங்க சொன்ன மாதிரிதாங்க போட்டேன்."

அஞ்சலை மட்டும் அப்படிச் சொல்லவில்லை. நான் பெட்டிக்கு முத்திரை வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தபோது தணிகாசலம் அவரை மடக்கியிருந்தார். சட்டைப் பொத்தான் அறுந்திருந்தது.

"சொல்லு அஞ்சல, எவனுக்குப் போட்ட?"

"ரகசிய ஓட்டுங்க அது. சொல்லக் கூடாதாம்."

"எங்கிட்டயே சொல்ல மாட்டியா? எம் மானம் போச்சு. எம் பேச்சு போச்சு. கிளம்பு, வூட்டுக்குப் போலாம்."

"மத்தியானம் துணைத் தலைவர் ஓட்டு இருக்குதுங்க. நான் இருக்கணும். நீங்க போங்க. சோறு வடிச்சி வச்சிட்டுதான் வந்தேன், போட்டுக்கினு சாப்பிடுங்க."

அஞ்சலை அதைக் கோபமாகச் சொல்லவில்லை. தினமும் வீட்டில் சொல்கிற குரலில் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். தணிகாசலம் படியிறங்கினார். அந்த நேரம் பார்த்து அவர்கள் வார்டுப் பெரியவர் ஒருவர், சைக்கிளை நிறுத்திவிட்டு வேகமாக எதிரே வந்தார்.

"கவுன்சிலரே, உங்களத்தான் தேடிக்கினு வர்றேன். நம்ம தெருவுல ஒரே பேஜாரு, கொழாய்ல தண்ணியே வரல, இன்னான்னு கேளுங்க."

தணிகாசலம் பொத்தான் அறுந்த சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கூடத்தைக் காட்டினார்.

"கவுன்சிலரு உள்ள கீறாங்க. அவங்கள்ட்ட சொல்லுங்க."